கழிப்பறையில் மாட்டிய வரைபடம்

இது கதை இல்லை. எனக்கு நடந்தது. 1978ஆம் வருஷம் டிசம்பர் 5, 6, 7. மூன்று நாளும் மாலை சரியாக 4.45 மணிக்கு. நேரத்தை நான் அப்போதே பென்சிலால் குறித்து வைத்தேன். எங்கள் ஊரில் எல்லார் வீட்டுக் கழிப்பறையிலும் ஒரு பிறந்தநாள் காலண்டர் தொங்கும், அதில்தான். அது இன்னும் அதே ஆணியில் இருக்கிறது. சந்தேகப்படுகிறவர்கள் ஃபேன்பர்க் வந்து என் கழிப்பறையைப் பார்த்துவிட்டுப் போகலாம். காபி கொடுப்பேன். பிஸ்கட் ஒன்றுதான், அதற்கு மேல் டப்பா திறக்காது.

என் பெயர் ரென்ஸ்கே. இப்போது எண்பத்தேழு வயது. கிழவிக்கு மூளை கலங்கிவிட்டது என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். இது நடந்தபோது எனக்கு நாற்பத்தொன்று. உருளைக்கிழங்கு மாவு ஆலையில் மூட்டை எடை போட்டுக்கொண்டிருந்தேன். பேய் என்றால் சிரிக்கிற ஆள். இப்போதும் சிரிப்பேன், ஆனால் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சிரிப்பேன்.

முதலில் என் வீட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஃபேன்பர்க் நட்சத்திர வடிவக் கோட்டை ஊர். சுற்றி மண் மதில், மதிலைச் சுற்றி அகழி. என் வீடு அகழிக்கு வெளியே இருக்கிறது. பீரங்கி சுடுவதற்குத் தடையாக எதுவும் நிற்கக்கூடாது என்று விட்டிருந்த புல்வெளி அது. அங்கே வீடு கட்ட ஆசைப்பட்டால் மரத்தில்தான் கட்ட வேண்டும் என்று அந்தக் காலத்தில் சட்டம். எதிரி வந்தால் ஒரு மணி நேரத்தில் கொளுத்திவிடலாம், அதற்காக. என் கணவர் ஹார்மின் தாத்தா 1893இல் அப்படித்தான் கட்டினார். தார் பூசிய கறுப்புப் பலகை வீடு. கொளுத்துவதற்கென்றே கட்டிய வீட்டை எண்பத்தைந்து வருஷமாக யாரும் கொளுத்தவில்லை.

சமையலறைத் தரைக்கு அடியில் மட்டும் யாருடையதோ ஒரு பழைய செங்கல் அடுப்பு மேடை இருந்தது. தாத்தா அதை இடிக்கச் சோம்பல்பட்டு அதன் மேலேயே தரை போட்டுவிட்டார்.

ஹார்ம் இறந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. பிள்ளைகள் கிடையாது. எனக்கென்று இருந்தது அந்த வீடுதான். அதைத்தான் இடிக்கப் பார்த்தார்கள்.

இடிக்கப் பார்த்தவன் வேறு யாருமில்லை, வோல்டர். என்னோடு ஒரே வகுப்பில் படித்தவன். கோட்டையைப் பழையபடி கட்டுகிற குழுவுக்கு அவன்தான் தலைவர். ஊர்மன்ற மாடியில் ஒரு செப்புத் தகடு கிடைத்திருந்தது. 1673இல் திருத்தி முடித்தது என்று அதிலேயே தேதி இருந்தது. ஊர் முழுவதையும் மேலிருந்து பார்ப்பதுபோல் செதுக்கியிருந்தான் ஒருவன். ஒவ்வொரு கொத்தளம், ஒவ்வொரு வீடு, ஒவ்வொரு புகைபோக்கி. அதிலிருந்து புதிதாக அச்செடுத்து, அதைப் பார்த்துத்தான் ஊரைத் திரும்பக் கட்டுவது என்று முடிவு. வரைபடத்தில் இருந்தால் நிற்கும், இல்லையென்றால் போகும். இதுதான் விதி. இந்த விதியால் பெட்ரோல் பங்க் போகப் போகிறது, டாக்டரின் கார் கொட்டகை போயே விட்டது. அகழிக்கு வெளியே குடியிருந்த மற்ற மூன்று குடும்பமும் புதிய குடியிருப்பில் செங்கல் வீடு வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டன. குளியல் தொட்டி வைத்த வீடு. எனக்கும் ஒன்று ஒதுக்கியிருந்தார்கள். நான் கையெழுத்துப் போடவில்லை. டிசம்பர் 19ஆம் தேதி ஊர்மன்றத்தில் கடைசி வாக்கெடுப்பு. தோற்றால் ஜனவரியில் இயந்திரம் வரும்.

நவம்பர் கடைசியில் வோல்டர் வரைபடத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு என் வீட்டுக்கே தூக்கிக்கொண்டு வந்தான். எல்லா வீட்டுக்கும் ஒன்று இலவசமாம். மேசைமேல் வைத்துவிட்டு என்னைப் பார்த்தான்.

"உன் வீடு எங்க இருக்கு காட்டு பாப்போம்."

பார்த்தேன். என் வீடு இருக்க வேண்டிய இடத்தில் வெறும் புல். புல்லில் இரண்டு மாடு.

"மாடு நிக்குது," என்றேன்.

"அதான். முன்னூறு வருஷமா அங்க மாடுதான். நடுவுல வந்தது நீங்க."

"முன்னூறு வருஷமா நிக்கிற மாட்டுக்கு இப்ப என்ன அவசரம்?"

அவனுக்குக் காது சிவந்துவிட்டது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், பதில் தெரியாவிட்டால் காது சிவக்கும். அவனுக்குக் காபி கொடுத்தேன், பிஸ்கட் டப்பாவை எடுக்கவே இல்லை. எங்கள் ஊரில் அதற்கு என்ன அர்த்தம் என்று அவனுக்குத் தெரியும்.

அவன் போனதும் ஆணி அடித்து வரைபடத்தைக் கழிப்பறையில் மாட்டினேன். காலண்டருக்குப் பக்கத்தில், உட்கார்ந்தால் நேர் எதிரே. குழுத் தலைவர் கொடுத்த பரிசுக்கு அதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

அதனால் ஒன்று ஆனது. ஒரு நாளைக்கு நாலைந்து தடவை அந்த மாடுகளைப் பார்க்க வேண்டியிருந்தது. மூன்றாம் நாளோ நாலாம் நாளோ ஒரு விஷயம் கண்ணில் பட்டது. பாதைக்கும் புல்வெளிக்கும் நடுவே ஒரு வாய்க்கால். இன்றும் இருக்கிறது, என் வாசலுக்கு வர அதைத்தான் தாண்ட வேண்டும். வரைபடத்தில் அந்த வாய்க்கால்மேல் எறும்பு அளவுக்கு ஒரு பலகைப் பாலம். பாலத்துக்கு இடது பக்கம் மட்டும் கைப்பிடி.

என் பாலத்துக்கும் இடது பக்கம் மட்டும்தான் கைப்பிடி.

சரி, மாடு போக வர யாரோ பலகை போட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம் தோன்றியது, மாட்டுக்குக் கைப்பிடி எதற்கு? அன்றைக்கு அதோடு விட்டுவிட்டேன்.

டிசம்பர் 5. செவ்வாய்க்கிழமை. பிள்ளைகளுக்குப் பரிசு கொண்டுவரும் பெரியவர் சின்டர்கிளாஸின் மாலை. எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு வருஷத்திலேயே பெரிய நாள் அதுதான். அந்தப் பெரியவரின் குதிரை தின்பதற்காகச் செருப்பில் வைக்கோல் வைப்பார்கள். இருட்டியதும் பக்கத்து வீட்டுக்காரர் யாராவது ரகசியமாக வந்து கதவைத் தடதடவென்று தட்டிவிட்டு, பரிசு மூட்டையை வாசலில் போட்டுவிட்டு ஓடிவிடுவார்கள். பெரியவர்களும் ஒருவரை ஒருவர் சீண்ட நாலு வரி கேலிப்பாட்டு எழுதி அனுப்புவதுண்டு.

ஆலையிலிருந்து சைக்கிளில் வந்து சேர்ந்தபோது மணி 4.05. கடும் குளிர். தரையெல்லாம் வெள்ளையாக உறைபனி. நாலரைக்கு இருட்டிவிட்டது. 4.45க்கு ஊருக்குள் வாயில் மணி அடிக்க ஆரம்பித்தது. கோட்டைக் கதவைச் சாத்தப் போகிறோம், வெளியே இருப்பவர்கள் உள்ளே ஓடி வாருங்கள் என்று அந்தக் காலத்தில் அடித்த மணி. கதவு போய் நூறு வருஷம் ஆகிவிட்டது. மணியை மட்டும் குளிர்காலத்தில் தினமும் பத்து நிமிஷம் அடித்துக்கொண்டிருக்கிறோம். இப்போது மோட்டார் அடிக்கிறது.

முதல் மணி அடித்ததும்...

டொக். டொக். டொக்.

கதவில் இல்லை. சுவரில். முழங்காலுக்குக் கீழே, பலகையின் அடிப்பக்கத்தில்.

எழுந்து போய்க் கதவைத் திறந்தேன். யாரும் இல்லை. படியில் ஒரு கைப்பிடி வைக்கோல்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வோல்டரின் சின்டர்கிளாஸ் வேலை என்று நினைத்தேன். இது மாட்டுக்கான இடம் என்று கேலி செய்கிறான் போலிருக்கிறது, பாட்டு எங்கே என்று தேடினேன். காகிதம் எதுவும் இல்லை. வைக்கோலை எடுத்தேன். விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது. தார். என் வீடே தார் பூசிய வீடு, அதனால் அதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தூக்கி வாய்க்காலில் எறிந்தேன்.

உள்ளே வரத் திரும்பும்போதுதான் பாலத்தைப் பார்த்தேன். பலகைமேல் உறைபனி அப்படியே இருந்தது. என் சைக்கிள் தடம் ஒன்று. வேறு தடமே இல்லை.

மறுநாள் 6ஆம் தேதி. சின்டர்கிளாஸ் முடிந்துவிட்டது. இனி அடுத்த வருஷம்தான் யாரும் வாசலில் வைக்கோல் போடுவார்கள். 4.45. முதல் மணி.

டொக். டொக். டொக். முன் சுவரில்.

டொக். டொக். டொக். பின் சுவரில்.

ஒரே நேரத்தில்.

இந்தத் தடவை டார்ச்சோடு வெளியே ஓடினேன். முன்பக்கம் இடுப்புயரத்துக்கு ஒரு வைக்கோல் கட்டு, சுவரோடு ஒட்டிச் சாய்த்து வைத்திருந்தது. பின்பக்கம் இன்னொன்று. இரண்டிலும் தார். பாலத்தில் என் தடம் மட்டும்தான். ஆனால் புல்வெளியில் தடங்கள் இருந்தன. நிறைய. அகழிக் கரையிலிருந்து நேராக என் வீட்டுக்கு வந்திருந்தன. திரும்பிப் போன தடம் ஒன்றுகூட இல்லை.

எனக்கு வந்தது பயம் இல்லை, கோபம். உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிஷம் கோபம் மட்டும்தான். இரண்டு கட்டுகளையும் இழுத்து வாய்க்காலில் தள்ளினேன். வைக்கோல் மிதக்க வேண்டும் இல்லையா? மிதக்கவில்லை. தண்ணீரில் பட்டதும் காணோம்.

5.05க்கு ஊர்மன்றத்துக்குத் தொலைபேசியில் கூப்பிட்டேன். வோல்டர் அங்கேதான் இருந்தான். நாலு மணியிலிருந்து பதினோரு பேரோடு கூட்டத்தில் இருக்கிறானாம். பின்னால் பேச்சுச் சத்தம் கேட்டது. ஆள் வைத்து என் வீட்டைக் கொளுத்தப் பார்க்கிறாயா என்று கேட்டேன். என்னைத் தெரியாதா ரென்ஸ்கே, சட்டப்படி இடிப்பேனே தவிரத் தீ வைக்க மாட்டேன் என்றான். அது உண்மை. அவன் அப்படிப்பட்ட ஆள் இல்லை. அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"பயமா இருந்தா கையெழுத்தப் போட்டுட்டு ஊருக்குள்ள வந்துடு," என்றான்.

"பயம் வந்தா சொல்றேன் வோல்டர். இது பயம் இல்ல."

போனை வைத்தேன். கழிப்பறைக்குப் போய்க் காலண்டரில் எழுதினேன். 5, 4.45. 6, 4.45. எழுதிவிட்டு நிமிர்ந்தபோது வரைபடம் கண்ணில் பட்டது. மாடு இரண்டும் புல்லில் நின்றுகொண்டிருந்தன. பாலம். கைப்பிடி.

7ஆம் தேதி. வியாழக்கிழமை. 3.50க்கே வந்துவிட்டேன். தங்கைக்கு, போலீசுக்கு, யாருக்கும் சொல்லவில்லை. சொன்னால் என்ன ஆகும்? தனியாக இருக்கிற பெண்ணுக்குப் பயம் பிடித்துவிட்டது, பாவம், செங்கல் வீட்டுக்கு மாற்றிவிடுங்கள் என்பார்கள். 19ஆம் தேதி அதையே காரணமாகக் காட்டுவார்கள். அன்று மாலை ஓடிப்போனால் அதன் பிறகு திரும்பி வர எனக்கு வீடு இருக்காது. இது எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

அதனால் ஆலைக்குப் போட்டுப்போன கால்சட்டையைக்கூட மாற்றாமல் நாற்காலியை ஜன்னலுக்கு நேராகப் போட்டு உட்கார்ந்தேன். மடியில் ஹார்மின் மண்வெட்டி, கையில் டார்ச். வெளியே வருவது யாரென்று தெரிய வேண்டும் என்று விளக்கை அணைத்தேன். திரையை மூடவில்லை. எங்கள் ஊரில் மாலையில் யாரும் ஜன்னல் திரையை மூடுவதில்லை. ஒளிக்க ஏதோ இருப்பவர்கள்தான் மூடுவார்கள். என்னிடம் ஒளிக்க எதுவும் இல்லை.

4.40. பெட்ரோல் பங்க் விளக்கு தெரிந்தது. மதில்மேல் தெருவிளக்குகள் ஐந்து தெரிந்தன.

4.44. டார்ச்சை இறுக்கிப் பிடித்தேன்.

4.45.

மணி அடித்தது.

எங்கள் மணி இல்லை.

சின்ன மணி. கையால் ஆட்டுகிற மணி. மிக அருகில், பாலத்துக்கு அந்தப் பக்கம்.

நிமிர்ந்து பார்த்தேன். பெட்ரோல் பங்க் விளக்கு இல்லை. தெருவிளக்கு ஒன்றும் இல்லை. ஊர் இருந்த இடத்தில் கறுப்பாக மதில் மட்டும் நின்றது. வழக்கத்தைவிட உயரமாக...

பாலப் பலகை முனகியது. ஒருவர். இருவர். அப்புறம் எண்ண முடியவில்லை.

டார்ச்சைப் போட்டேன். கண்ணுக்கு யாரும் தெரியவில்லை.

ஸ்ர்ர்ர்ர்... ஸ்ர்ர்ர்ர்... வைக்கோலை இழுக்கும் சத்தம். வீட்டைச் சுற்றி. இடது பக்கம். பின்பக்கம். வலது பக்கம்.

தார் நாற்றம் மூக்கில் ஏறியது.

ஜன்னல் கண்ணாடியில் சிவப்பாக வெளிச்சம் அசைந்தது. பந்தம் மாதிரி. ஆனால் பந்தத்தைப் பிடிக்கக் கை இல்லை.

டொக்.

டொக்.

டொக்.

"உள்ள எத்தன பேரு?"

ஆண் குரல். பழைய காலத்து இழுவை. அந்தக் குரலே நடுங்கிக்கொண்டிருந்தது.

பயந்தேன். இப்போது ஒத்துக்கொள்கிறேன், நன்றாகவே பயந்தேன்.

"உள்ள எத்தன பேரு? கடைசித் தடவ கேக்குறேன். வெளிய வந்துடுங்க."

வெளியே வா. மூன்று மாதமாக எல்லாரும் என்னிடம் சொல்வது அதைத்தான். கடிதத்தில், கூட்டத்தில், தொலைபேசியில். இப்போது செத்தவனும் வந்து சொல்கிறான். அந்த நினைப்பு வந்ததும் எங்கிருந்தோ குரல் வந்துவிட்டது.

"ஒருத்திதான்," என்றேன். "வெளிய வரமாட்டேன். போய் வோல்டர்கிட்ட சொல்லு."

வெளியே சத்தம் நின்றது.

அப்போதுதான்...

எனக்குப் பின்னால். சமையலறையிலிருந்து.

"ரெண்டு பேரு."

பெண் குரல். வயதான குரல். என் குரலைவிடத் தெளிவாக இருந்தது.

"வரமாட்டோம்."

நான் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. முதுகில் சூடு பட்டது. அந்தக் காலத்தில் விறகுக்குப் பதிலாக எரித்த கரிமண்ணின் வாசனை. என் வீட்டில் கேஸ் அடுப்புதான்.

வெளியே யாரோ கட்டளை போட்டான். இன்னொருவன் முடியாது என்றான். சிவப்பு வெளிச்சம் ஒரு தடவை எழும்பியது.

எழும்பி, அணைந்தது.

பிறகு ஓட்டம். பாலத்தில் தடதடவென்று... ஓடினார்கள்.

அமைதி.

டாங். எங்கள் மணி. மோட்டார் மணி. கடைசி நாலைந்து அடி கேட்டது. கடிகாரம் 4.55. பெட்ரோல் பங்க் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

எவ்வளவு நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. பிறகு எழுந்து சமையலறைக்குப் போனேன். யாரும் இல்லை. செருப்பைக் கழற்றி நடந்து பார்த்தேன். தரை எல்லாம் பனிக்கட்டி. பழைய அடுப்பு மேடைக்கு மேலே மட்டும், ஒரு தட்டு அகலத்துக்கு, சூடு.

காபி போட்டேன். இரண்டு கோப்பை. ஆளுக்கு ஒரு பிஸ்கட் வைத்தேன். அவள் யாராக இருந்தால் என்ன? என் வீட்டில் என் பக்கம் நின்று பேசிய முதல் ஆள் அவள்தான். எதிரே இருந்த காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டே குடித்தேன். அழுதேன். பயத்தால் இல்லை.

நான் அன்று சொன்ன வார்த்தைகளை யாரிடமும் சொல்லவில்லை. காலண்டரில் 7, 4.45 என்று மட்டும் எழுதினேன். இது முக்கியம், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் விடியுமுன் டார்ச்சோடு வெளியே போய்ப் பார்த்தேன். வைக்கோல் இல்லை, தடம் இல்லை. முன்சுவரில் அடிப்பலகையில் மட்டும் உள்ளங்கை அளவுக்குக் கருகியிருந்தது.

அன்று காலை 6.10க்குக் கழிப்பறைக்குப் போனேன். கையில் அந்த டார்ச் இருந்தது, கீழே வைக்க மனம் வரவில்லை. உட்கார்ந்தபடி டார்ச்சை மடியில் வைத்தேன். வெளிச்சம் பக்கவாட்டில், சாய்வாக வரைபடத்தில் விழுந்தது. மாடுகளுக்கு நடுவே புல் ஒரு இடத்தில் மட்டும் லேசாகச் சாம்பல் நிறத்தில் இருந்தது. எழுந்து மூக்கு கண்ணாடியில் படும்படி பார்த்தேன். சாய்ந்த கோடு ஒன்று, எதிரே இன்னொன்று. கூரை. பக்கத்தில் நெட்டுக்குத்தாக ஒரு கோடு. புகைபோக்கி.

வரைபடத்தைக் கழற்றிப் போர்வையில் சுற்றினேன். ஆலைக்கு லீவு சொன்னேன். 7.35 பஸ்ஸில் மாகாணத் தலைநகருக்குப் போய் ஆவணக் காப்பகத்தில் அதை மேசைமேல் வைத்தேன். அங்கே லிடவெய் என்று ஒரு பெண் வேலை பார்த்தாள். முப்பது வயது இருக்கும், மூக்கு நுனியில் கண்ணாடி. அவளிடம் வைக்கோல், குரல் எதையும் சொல்லவில்லை. பைத்தியம் என்று அனுப்பிவிடுவாள். இந்த இடத்தில் என்ன இருந்தது என்று மட்டும் கேட்டேன்.

அவள் பூதக்கண்ணாடி வைத்து வெகுநேரம் பார்த்தாள். செப்புத் தகட்டில் ஒன்றை அழிக்க வேண்டுமென்றால் சுரண்டித் தேய்த்து, பின்பக்கமிருந்து தட்டி மேடாக்கி, அதன்மேல் புதிதாகச் செதுக்குவார்களாம். எவ்வளவு தேய்த்தாலும் ஆழமான கோடு முழுதாகப் போகாதாம். அச்செடுக்கும்போது கொஞ்சம் மையைப் பிடித்துக்கொள்ளுமாம்.

"இங்க ஒரு வீடு இருந்திருக்கு மேடம். அழிச்சுட்டு மாடு போட்டிருக்கான். பாலத்த அழிக்க மறந்துட்டான்."

திங்கட்கிழமை அவளே கூப்பிட்டாள். தகட்டைத் திருத்துவதற்கு முன், 1668இல் எடுத்த ஒரு பிரதி அவர்களிடமே இருந்ததாம். அதில் மாடு இல்லை. பாலம், பாலத்தின் முடிவில் ஒரு சின்ன மரவீடு, புகைபோக்கியில் புகை. எண் 27. கீழே பட்டியலில் 27க்கு நேரே எழுதியிருந்தது: விதவை ஆல்ட்யேயின் வீடு. வோல்டர் கொடுத்த பிரதியில் பட்டியல் 26இலிருந்து நேராக 28க்குத் தாவுகிறது. பதினோரு பேர் கொண்ட குழுவில் ஒருவரும் எண்ணிப் பார்க்கவில்லை.

19ஆம் தேதி அந்தப் பிரதியோடு ஊர்மன்றத்தில் எழுந்து நின்றேன். இது பழைய தகடு, திருத்தியதுதான் செல்லும் என்று வோல்டர் வாதாடினான். ஒரே தகடுதானே என்று எனக்காக வந்திருந்த லிடவெய் சொன்னாள். நான் ஒன்றே ஒன்றுதான் சொன்னேன்.

"வரைபடத்துல இருந்தா நிக்கும்னு சொன்னது நீதான வோல்டர். இருக்கு. நிக்கட்டும்."

ஏழுக்கு நாலு. வீடு நின்றது. வோல்டரின் காது அன்று மிளகாய்ப் பழம். ஆனாலும் அவன் மோசமானவன் இல்லை, வெளியே வந்து கையைப் பிடித்துக் குலுக்கினான். ஜனவரியில் ஒரு நாள் காபிக்கு வந்தான். பிஸ்கட் டப்பாவை இரண்டு தடவை திறந்தேன்.

இத்தோடு முடிந்திருந்தால் நான் நிம்மதியாகச் சிரித்துக்கொண்டிருப்பேன்.

1979 பிப்ரவரியில் பெரிய பனிப்புயல் அடித்தது. பாதை திறந்த முதல் வாரமே லிடவெய் என் வீட்டுக்கு வந்தாள். கையில் ஒரு உறை. ஆல்ட்யே பெயரைத் தேடிக்கொண்டே போனதில் கிடைத்ததாம். 1672 டிசம்பர் 7ஆம் தேதியிட்ட வாக்குமூலம். எதிரி நெருங்கிவிட்டதால் அகழிக்கு வெளியே இருக்கும் வீடுகளை எல்லாம் வாயில் மணி அடிக்கும் நேரத்தில் கொளுத்த உத்தரவு. போன படைக்குத் தலைவன் ஒருவன், ஆல்ட்யே வீட்டை மட்டும் ஏன் கொளுத்தாமல் திரும்பினாய் என்று கேட்டதற்குக் கொடுத்த பதில். எல்லா வீட்டையும் எரித்தாகிவிட்டது என்று தளபதி மேலிடத்துக்கு எழுதிவிட்டாராம். அதனால்தான் தகட்டிலும் அழித்திருப்பார்கள் என்பது லிடவெயின் ஊகம்.

"இதுல ஒரு இடம் எனக்குப் புரியல மேடம். நீங்களே பாருங்க," என்றாள்.

இன்றைய எழுத்தில் அவள் பெயர்த்து எழுதியிருந்ததை நான் மனப்பாடமாகச் சொல்வேன்.

'விதவை தனியாக வசிப்பவள் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். வைக்கோல் அடுக்கிவிட்டு, உள்ளே எத்தனை பேர் என்று முறைப்படி கேட்டேன். எங்களுக்குத் தெரியாத ஒரு பெண் குரல் பதில் சொன்னது. ஒருத்திதான், வெளியே வரமாட்டேன், போய் வோல்டரிடம் சொல் என்றது. என் படையில் வோல்டர் என்று யாரும் இல்லை. இந்த ஊரிலும் இல்லை. அதன் பிறகு விதவையின் குரல் வந்தது. இரண்டு பேர், வரமாட்டோம் என்றது.'

கீழே இன்னும் மூன்று வரி.

'ஜன்னல் வழியே பார்த்தோம். விதவை அடுப்பருகே நின்றாள். அவளுக்கு முன்னால் ஆண்பிள்ளை உடுப்பில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். அவள் கையில் சுடரில்லாத வெள்ளை வெளிச்சம் எரிந்தது. தீ பற்றவில்லை. அவள் மனிதப் பிறவி அல்ல என்று என் ஆட்கள் பைபிள்மேல் கை வைத்துச் சத்தியம் செய்கிறார்கள்.'

மனிதப் பிறவி அல்லவாம். நான்.